துர்காபாய் தேஷ்முக்: 8 வயதில் கல்யாணமான சிறுமிக்கும் பெங்களூரு குடும்ப நல நீதிமன்றத்துக்கும் என்ன தொடர்பு?

பெங்களூருவில் எச். சித்தையா சாலையில் நியாய தேகுல என்றொரு கட்டடம் இருக்கிறது. கன்னடத்தில் தேகுல என்றால் கோயில். உங்கள் வீட்டிலோ நண்பர்கள் வட்டத்திலோ யாருக்காவது விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது போன்ற வழக்கு நடந்திருந்தால், இந்த இடத்தைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நகரத்தின் குடும்ப நல நீதிமன்றம் இங்கேதான் இயங்குகிறது. காசு கொடுத்து வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு உதவும் கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையமும் இதே கட்டடத்தில்தான். 2007-ல் தொடங்கிய மத்தியஸ்த மையமும் இங்கேயே இருக்கிறது.

நிர்வாக வசதிக்காக எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்திருக்கும். ஆனால் குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம், சட்டம் தெரியாத பெண்களுக்கு இலவச வக்கீல் ஆகிய இந்த இரண்டு விஷயங்களையும் தன் வாழ்க்கை முழுக்கத் தூக்கிச் சுமந்தவர் ஒருவர் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்த துர்காபாய். சென்னைக்காரர்களுக்கு அடையாறு பக்கம் துர்காபாய் தேஷ்முக் சாலை தெரியும். டெல்லியில் அவர் பெயரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. பெயர் தெரிந்த அளவுக்கு அவர் என்ன செய்தார் என்பது தெரிந்திருக்கிறதா என்றால், சந்தேகம்தான்.

வக்கீல் தொழில் நம் ஊரில் பெரும்பாலும் குடும்பத் தொழில். இன்றைக்கும் பெங்களூருவிலோ சென்னையிலோ பழைய வக்கீல் ஆபீஸ்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: அப்பா பெயர், அதன் கீழே மகன், இப்போது பேத்தி. அந்தக் கால மெட்ராஸில் இது இன்னும் பலம். பாஷ்யம் ஐயங்கார் அட்வகேட் ஜெனரலாக இருந்தார், அவருடைய மருமகன் எஸ். சீனிவாச ஐயங்காரும் அந்தப் பதவிக்கு வந்தார். அப்படிப்பட்ட இடத்துக்குள் துர்காபாய் வந்த வழி ரொம்பவே வித்தியாசமானது. அவர் ஜெயில் வழியாக வந்தார்.

கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது

1909 ஜூலை 15-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். அப்போது ஆந்திரப் பகுதியும் மெட்ராஸ் மாகாணத்துக்குள் இருந்தது. குடும்பத்தின் வாழ்க்கை காக்கிநாடா பக்கம். 8 வயதில் உறவுக்காரரான சுப்பா ராவ் என்பவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

8 வயதா என்று அதிர்ச்சியாக இருக்கலாம். அந்தக் காலச் சட்டத்தைப் பார்த்தால் அதிர்ச்சி இன்னும் கூடும். பெங்களூரு இருந்த மைசூர் சமஸ்தானம் இந்த விஷயத்தில் முன்னோடி. 1894-லேயே குழந்தைத் திருமணத்தைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது முக்கியமாகத் தடுத்தது 8 வயது நிரம்பாத பெண் குழந்தைகளின் கல்யாணத்தைத்தான். அதாவது அந்த மைசூர் சட்டத்தின்படி பார்த்தால்கூட, துர்காபாயின் கல்யாணத்துக்குப் பெரிய தடை வந்திருக்காது. பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 14 வயது என்று சொன்ன சாரதா சட்டம் 1929-ல்தான் வந்தது.

பருவ வயது வந்ததும், கணவருடன் போய் வாழ மாட்டேன் என்று துர்காபாய் மறுத்துவிட்டார். அப்பாவும் தம்பியும் அவர் பக்கம் நின்றார்கள். இந்த ஒரு வரியைச் சட்டென்று தாண்டிப் போய்விடாதீர்கள். அன்றைய இந்துச் சட்டத்தில் விவாகரத்து என்ற சொல்லுக்கே இடமில்லை. சில சாதிகளில் வழக்கப்படி கல்யாணத்தை முறிக்கலாம், மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆணுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். சுப்பா ராவும் பின்னாளில் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வெளியே வந்தால் அவளுடைய சட்ட அந்தஸ்து என்ன? எதுவுமில்லை. மனைவியாகவும் இல்லாமல், அந்தக் கல்யாணத்திலிருந்து விடுபட்டவளாகவும் இல்லாமல் அப்படியே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, மனைவி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று கேட்டுக் கணவன் கோர்ட்டுக்குப் போகவும் வழி இருந்தது. பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண் 1880-களில் இப்படியொரு வழக்கில் சிக்கி, கணவனிடம் போகாவிட்டால் 6 மாதம் ஜெயில் என்ற தீர்ப்பு வரை பார்த்தார். துர்காபாய்க்கு அந்த நிலைமை வரவில்லை. வீடு துணை நின்றது, அவ்வளவுதான். சட்டம் அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

பல வருடங்கள் கழித்து இந்தக் கதைக்கு ஒரு பின்கதை வருகிறது. சுப்பா ராவ் இறந்த பிறகு நிர்க்கதியாக நின்ற அவருடைய இரண்டாவது மனைவி, உதவிக்கு வந்தது துர்காபாயிடம்தான். தன் நிறுவனத்தில் இடம் கொடுத்து, கைத்தொழில் கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார் துர்காபாய்.

காந்தி, நேரு, ஒரு டிக்கெட்

சுதந்திரப் போராட்டக் கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வயதில் ஆங்கிலவழிப் பள்ளியை விட்டு வெளியேறி, பெண் குழந்தைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுக்க ராஜமுந்திரியில் தானே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1921-ல் காந்தி வந்தபோது, தேவதாசிப் பெண்களும் வெளியே வராத முஸ்லிம் பெண்களும் அவரைச் சந்திக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அதற்காகப் பணம் திரட்டி, அந்தக் கூட்டத்தை நடத்திக் காட்டினார். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் கதர் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றபோது, டிக்கெட் இல்லாமல் வந்த ஜவஹர்லால் நேருவை உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிய பிறகுதான் அனுமதித்தார். அப்போது அவருக்கு 14 வயது. அதே நேரு சுமார் 29 வருடம் கழித்து இவருடைய கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு அப்புறம் வருவோம்.

மதுரை ஜெயிலில் என்ன நடந்தது?

1930-ல் மெட்ராஸில் உப்பு சத்தியாகிரகம். அதில் இறங்கிய துர்காபாய், 1933-க்குள் மூன்று முறை ஜெயிலுக்குப் போனார். வேலூர், பிறகு மதுரை. மதுரையில் தனிமைச் சிறை. உடம்பு ரொம்பவும் கெட்டுப்போனது.

என்னைக் கேட்டால், நியாய தேகுல கட்டடத்தின் கதை தொடங்குவது இந்த ஜெயில்களில்தான். அங்கே சாதாரணக் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்ற பெண்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கொலை வழக்குக் கைதிகளும் அவர்களில் உண்டு. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் மேல் என்ன வழக்கு, கோர்ட்டில் தன் தரப்பில் என்ன சொல்லியிருக்கலாம் என்பதுகூடத் தெரியாது. செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு உள்ளே வந்தவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு ஒரு வக்கீல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி துர்காபாயை விடவில்லை. வெளியே போனதும் சட்டம் படிக்க வேண்டும், இந்த மாதிரிப் பெண்களுக்குக் காசு வாங்காமல் வாதாட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

முடிவெடுத்தது சரி, படிப்பு? மெட்ரிகுலேஷனே முடிக்கவில்லை. 20 வயதைத் தாண்டிய பிறகு, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தில் பி.ஏ., எம்.ஏ. அங்கே பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லை என்பதால் சேர்ப்பதற்குத் தயங்கினார்கள். இவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, இதே காரணத்தால் படிப்பு நின்றுபோயிருந்த பெண்களைத் திரட்டி, ஹாஸ்டலையே தொடங்கிவிட்டார். இடையில் 1937-ல் மெட்ராஸில் ஆந்திர மகிளா சபாவையும் ஆரம்பித்தார். தன்னைப் போலப் பாதியில் படிப்பை விட்ட பெண்களைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவதுதான் அதன் முதல் வேலைகளில் ஒன்று. 1942-ல் சட்டப் பட்டம். அடுத்து சென்னை உயர் நீதிமன்றம்.

பெண்கள் வக்கீலாகலாம் என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1923-ல். அது வந்து 19 வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கறுப்பு கவுன் போட்ட பெண்கள் சொற்பம். சீனியராக அப்பா இல்லை, கட்சிக்காரர்களை அனுப்பிவைக்க மாமனார் இல்லை. குடும்பப் பெயரால் வழக்கு வந்து சேரும் ஒரு தொழிலில், குடும்ப வாழ்க்கையை உதறிவிட்டு வந்த ஒரு பெண்.

விவாகரத்துச் சட்டம் எப்படி வந்தது?

1946-ல் மெட்ராஸிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் இருந்த பெண்கள் மொத்தமே 15 பேர். சபையை நடத்துவதற்கான தலைவர்கள் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் இவர்.

இந்துச் சட்டத்தைத் தொகுத்து, அதில் விவாகரத்துக்கும் பெண்களின் சொத்துரிமைக்கும் இடம் கொடுக்கும் வேலை இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1941-ல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குத் தலைவர் பி.என். ராவ், மங்களூருக்காரர். அந்த மசோதாவை அம்பேத்கர் கையில் எடுத்து நடத்தினார். துர்காபாய் சபைக்குள் அதை ஆதரித்துப் பேசினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. விவாகரத்து வந்தால் குடும்பமே சிதறிவிடும் என்றார்கள். மசோதா நகராமல் நின்றுபோக, 1951-ல் அம்பேத்கர் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார்.

ஆனால் மாகாணங்கள் காத்திருக்கவில்லை. பம்பாய் 1947-ல் இந்துக்களுக்கான விவாகரத்துச் சட்டம் போட்டது. மெட்ராஸ் 1949-ல் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்தையும் அனுமதித்தது. மைசூர் சமஸ்தானம் 1933-லேயே இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. கடைசியில் நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18-ல் அமலுக்கு வந்தது.

அது நிறைவேறியபோது துர்காபாய் நாடாளுமன்றத்தில் இல்லை. 1952 தேர்தலில் தோற்றுவிட்டார். நேரு அவரைத் திட்டக் கமிஷன் உறுப்பினராக்கினார். அடுத்த வருடம் ஜனவரி 22-ல், அப்போதைய நிதியமைச்சரும் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னருமான சி.டி. தேஷ்முக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணப்பெண்ணுக்கு 43 வயது. நேரு சாட்சி. முதல் கல்யாணம் 8 வயதில், கேட்காமலே நடந்தது. இரண்டாவது தானே தேடிக்கொண்டது.

சீனாவில் பார்த்த கோர்ட்

அந்த 1953 அவருக்கு ரொம்ப பிஸியான வருடம். ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் தொடங்கப்பட்டு, அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் சீனாவுக்கும் போய்வந்தார். சீனா 1950-ல் புதிய திருமணச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பெண்ணும் விவாகரத்து கேட்கலாம். ஒரு தரப்பு மட்டும் கேட்டால் முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள், முடியவில்லை என்றால் நீதிமன்றம் தீர்மானிக்கும். அங்கே குடும்ப வழக்குகளை விசாரித்த நீதிமன்றங்களை துர்காபாய் கூர்ந்து கவனித்தார்.

ஊர் திரும்பியதும், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் எம்.சி. சாக்ளா, பி.பி. கஜேந்திரகட்கர் ஆகிய இரு நீதிபதிகளிடமும் பேசினார். நேருவிடமும் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நிலத் தகராறையும் கடன் பாக்கியையும் விசாரிக்கிற அதே சிவில் கோர்ட்டில், அதே வாய்தா முறையில், ஒரு குடும்பத்தின் பிரச்சினையை விசாரிப்பது சரிப்படாது, தனி நீதிமன்றம் வேண்டும்.

இந்தியா எவ்வளவு வேகமாக நடந்தது என்று பாருங்கள். 1974-ல் சட்ட கமிஷன் தன் 59-வது அறிக்கையில் குடும்ப வழக்குகளுக்கு வேறு அணுகுமுறை தேவை என்றது. 1976-ல் சிவில் நடைமுறைச் சட்டத்தில் அதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. கீழ் கோர்ட்டுகளில் அது பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 1984 செப்டம்பரில் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் வந்தது. யோசனை சொன்னதிலிருந்து 31 வருடம். துர்காபாய் 1981 மே 9-ல் காலமாகிவிட்டிருந்தார்.

அவர் கேட்டதுதான் நமக்குக் கிடைத்ததா?

பாதி கிடைத்தது என்று சொல்வேன். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் குடும்ப நல நீதிமன்றம் கட்டாயம். நீதிபதி நியமனத்தில் பெண்களுக்கு முன்னுரிமை. ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. கவுன்சிலர்கள் உண்டு. முக்கியமாக, 13-வது பிரிவின்படி, வக்கீல் வைத்துக்கொள்வதை ஒரு உரிமையாகக் கோர முடியாது. நீங்களே நேரில் நின்று உங்கள் கதையைச் சொல்லலாம்.

நடைமுறையில்? பெரும்பாலும் வக்கீல் வழியாகத்தான் மனு போகிறது. வக்கீல் ஆஜராக அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பமும் கூடவே போகிறது, அனுமதியும் கிடைத்துவிடுகிறது. இதில் வக்கீல்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு அனுபவசாலி வக்கீலோடு வரும்போது நீங்கள் தனியாக நிற்கத் தயாரா? எண்களை வைத்துப் பிழைக்கிற எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைத் தேசிய நீதித்துறை தரவுத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து, எத்தனை பேர் புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. மதுரை ஜெயிலில் துர்காபாய் பார்த்தது அதைத்தானே.

இன்னொரு முரணும் இருக்கிறது. நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது, திருமணம் என்ற அமைப்பைக் காக்க வேண்டும் என்பதில் ஈடுபாடு உள்ளவரைத் தேட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. சமரசம் பேசுவதே முதல் கடமை. சண்டை தீர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் நல்லதுதான், யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் அடி தாங்காமல் வந்த பெண்ணிடமும் கவுன்சிலிங்கில் அதே அறிவுரை சொல்லப்பட்டால் அது சமரசமா என்ற கேள்வியைப் பெண்கள் அமைப்புகள் எழுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. தன் கல்யாணத்தைக் காக்க மறுத்த ஒருவரின் யோசனையில் பிறந்த நீதிமன்றம் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இன்று ஒரு துர்காபாய் வந்தால்?

1955 சட்டத்தின் முதல் வடிவத்தில் கொடுமை என்பதுகூட விவாகரத்துக்கு நேரடிக் காரணமாக இல்லை. அதை வைத்துச் சட்டப்படி பிரிந்து வாழ மட்டுமே அனுமதி கேட்கலாம். 1976 திருத்தம்தான் அதை மாற்றியது. பரஸ்பர சம்மத விவாகரத்தும் அப்போதுதான் வந்தது: ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 6 மாதத்தைப் பொருத்தமான வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரவே முடியாத அளவுக்கு முறிந்துபோன திருமணத்தை, தன் சிறப்பு அதிகாரத்தால் கலைக்க முடியும் என்று 2023-ல் சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், குடும்ப நல நீதிமன்றத்துக்கு இல்லை. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

1976 திருத்தத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு சின்னப் பிரிவும் உண்டு. ஒரு பெண்ணுக்கு 15 வயதுக்கு முன் கல்யாணம் நடந்து, 15 வயதுக்குப் பிறகு 18 ஆவதற்குள் அவள் அந்தக் கல்யாணத்தை ஏற்க மறுத்திருந்தால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம். சேர்ந்து வாழ்ந்தார்களா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. கிட்டத்தட்ட துர்காபாயின் கதையைப் படித்துவிட்டு எழுதியது போலவே இருக்கும். அவர் அப்பா வீட்டுக் கூடத்தில் நடந்த தீர்ப்புக்கும் இந்தப் பிரிவுக்கும் நடுவே அரை நூற்றாண்டு. கர்நாடகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைத் தன் மாநிலத்துக்குத் திருத்தியது. அதன்படி இங்கே நடக்கும் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. விவாகரத்தே தேவையில்லை.

நியாய தேகுலவுக்குப் போக வேண்டியிருந்தால், இதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தால் போதும், இலவச வக்கீல் கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்பது கணக்கே இல்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினாலும் தகுதி உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம், எண் 15100. விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும். அங்கே இருப்பவர் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.